யாருடைய அக்கறை எத்தனை நாள்?

சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புகளில் மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் நிற்கும். குடத்தைச் சுமந்துகொண்டு ஏழாவது மாடிவரை ஏற வேண்டியதுதான். அங்கே வசிப்போரில் பலர் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று காரணம் சொல்லி, கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள். கொண்டுவந்து குடியமர்த்திய இடமோ பள்ளிக்கரணைக் கழுவெளியின் விளிம்பு. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாக வடிவதற்கு முன் வந்து தேங்கும் தாழ்வான பூமி அது. வெள்ளத்துக்குத் தப்ப வைக்கிறோம் என்று சொல்லி வெள்ளம் வரும் வழிக்கே அனுப்பிய இந்த முடிவை எடுத்தபோது, குடம் சுமக்கப் போகிறவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்களா?

நீடித்த நகர வளர்ச்சி பற்றிய எந்த அறிக்கையைப் புரட்டினாலும் சம்பந்தப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அரசுத் துறைகள், கட்டுமான நிறுவனங்கள், வணிகர்கள், குடியிருப்போர் சங்கங்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என எல்லாரும் ஒரே வரிசையில் சமமாக நிற்பார்கள். யாருடைய அக்கறை எத்தனை காலம் நீடிக்கும் என்று மட்டும் அந்தப் பட்டியல் சொல்லாது. என் கணக்கில் அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டுமான நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மனை வாங்கியதிலிருந்து கடைசி வீட்டின் சாவியைக் கொடுக்கும்வரை அதன் அக்கறை மிகத் தீவிரமானது. அதற்குப் பிறகு அநேகமாக இல்லை. இதில் வில்லத்தனம் ஒன்றுமில்லை, தொழிலின் இயல்பே அப்படி. பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) ஐடி நிறுவனங்கள் வந்தபோது அங்கே வேலை செய்ய வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது, யாராவது கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. வீடு வாங்குகிறவரின் கதை நேர் எதிர். சாவி கைக்கு வந்த நாளில்தான் அவருடைய இருபதாண்டு இஎம்ஐயும் அக்கறையும் தொடங்குகின்றன. வாங்கும் வரை ஏரியைப் பார்த்த பால்கனி வேண்டும் என்பார். வாங்கிய பிறகு பக்கத்தில் இன்னொரு கட்டடம் எழும்பக் கூடாது என்பார். தரைத்தளத்தில் தண்ணீர் நுழைந்தால் மாநகராட்சி என்ன செய்கிறது என்பார். ஒரே மனிதரின் நலன் பத்திர ஆபீசுக்குள் நுழையும்போது ஒன்றாகவும், வெளியே வரும்போது வேறாகவும் இருக்கிறது.

சிக்கலான தரப்பு அரசுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. வருவாய்த் துறையின் பதிவேட்டில் அது வெறும் புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்லாத நிலம் என்றால் எந்தத் துறையும் இடம் கேட்கலாம் என்று பொருள். பெருங்குடி குப்பைக் கிடங்கு வந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரத்துக்கு இருநூறடிச் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. தனியார் ஆக்கிரமிப்பு என்று நாம் திட்டுவதற்கு முன்னாலேயே அரசு அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது. 2007-இல் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022-இல் 1,247 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பாதுகாத்ததும் அரசுதான், பாழாக்கியதும் அரசுதான். துறைகள்தான் வேறு.

அரசுக்கு வரவும் உண்டு. கூடுதல் மாடி கட்ட அனுமதிப்பதற்குப் பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், ஒவ்வொரு விற்பனைக்கும் முத்திரைத் தீர்வை. விதிமீறல்கூடக் காசுதான். விதி மீறிக் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த, நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு முறைதான் என்றார்கள். 2000, 2001, 2002 என்று நீட்டினார்கள். அந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2012-இல் அதே வேலைக்கு 113-சி வந்தது. நடுவரும் ஒரு பக்கத்துக்கு ஆடினால் ஆட்டம் எப்படி இருக்கும்? விதியை மதித்துக் கட்டியவர்தான் இதில் ஏமாளி.

அப்படியானால் ஒரேயடியாகத் தடை போட்டால் சரியாகிவிடுமா? ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி தர வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னது, சதுப்பு நிலத்தின் தாக்கப் பரப்பை அறிவியல்பூர்வமாக வரையறுக்கும்வரை. அடுக்குமாடி கட்டுகிறவருக்கும், அரை கிரவுண்டில் மாடி எடுக்க நினைத்தவருக்கும் ஒரே உத்தரவு. உத்தரவு தேவையானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாக்கப் பரப்பை ராம்சர் அறிவிப்பு வந்த கையோடு வரையறுத்திருந்தால், சிறிய மனைக்காரர் இப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டார். பெரியவர்களுக்கு வழக்கு நடத்த வக்கீல் உண்டு; காத்திருக்கக் கையில் பணமும் உண்டு.

திட்டம் போடும்போது மக்களைக் கேட்கவில்லை என்று சட்டப்படி யாரும் குறை சொல்ல முடியாது. கேட்கிறார்கள். நாளிதழின் உள்பக்கத்தில் கட்டம் போட்ட சின்ன விளம்பரம்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண், வேளாண் பயன்பாட்டிலிருந்து குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றம், ஆட்சேபம் இருந்தால் எழுதுக. தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏரி வாய்க்காலின் சர்வே எண் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர் பெரும்பாலும் அந்த நிலத்தை வாங்கவோ விற்கவோ போகிறவர்.

முறையாகப் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் மக்கள் படிப்பார்கள் என்பதற்கு மும்பை சாட்சி. 2015-இல் அங்கே வெளியான நகர வளர்ச்சித் திட்ட வரைவை வார்டு வார்டாக உட்கார்ந்து சரிபார்த்தார்கள். இருக்கிற கட்டடம் வரைபடத்தில் இல்லை, இல்லாத சாலை இருக்கிறது என்று ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. மாநில அரசு வரைவைத் திருத்தி எழுத உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு புதிய வரைவு வந்தது.

சென்னையில் மக்களைக் கேட்க வேண்டிய அமைப்புகளே நெடுநாள் காலியாகக் கிடந்தன. நகரத் திட்டமிடலை உள்ளாட்சிகளுக்கு உரிய பணியாக 74-ஆவது திருத்தம் அரசமைப்பில் சேர்த்தது. பெருநகரத் திட்டக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. இங்கே நகரின் முழுமைத் திட்டத்தின் கடிவாளம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) கையில்தான். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. வெள்ளத்துக்குப் பிந்தைய மறுகுடியேற்றங்களில் பெரும்பகுதி நடந்தது அந்த ஆண்டுகளில்தான்.

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-இல் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்துக்கு இப்போது 200 வார்டுகளிலும் கவுன்சிலர்கள் உண்டு; ஏரியா சபை, வார்டு குழு பற்றிய விதிகளும் உண்டு. ஊராட்சிகளில் கிராம சபை எப்போதும் உண்டு. சர்வே எண்ணோடு தெருப்பெயரும் போட்ட பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, 2015-இலும் மிக்ஜாம் புயல் வந்த 2023-இலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்தந்தத் தெருக்காரர்களையே குறிக்கச் சொல்லலாம். பழைய ஆயக்கட்டுக்காரர்களுக்குக் கலங்கல் எங்கே, வாய்க்கால் எப்படி ஓடியது என்பது இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். ஆனால் வரைவுக்கு ஒப்புதல் கிடைக்கும் முன் செய்தாக வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு சர்வே எண்ணாக, நாளிதழின் அந்தக் கட்டத்துக்குள்தான் பேச முடியும்.