ஒளிநாடா என்னும் ஏடு

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய டெக்கையும் பதினொரு கேசட்டுகளையும் இறக்கினோம். அவற்றுள் ஒன்று 1991இல் காரைக்குடியில் நடந்த என் அத்தையின் திருமணப் பதிவு. அதில் அப்பத்தா நலங்குப் பாட்டுப் பாடுகிறார் என்பது வீட்டார் அனைவருக்கும் தெரியும். அந்தப் பாட்டு முழுமையாக யாருக்கும் தெரியாது. அப்பத்தா 1997இல் காலமானார். ஆண்டுதோறும் வகுப்பில் நாட்டார் பாடல்களைப் பற்றிப் பாடம் நடத்தும் நான், சொந்த வீட்டுப் பாட்டை எழுதிவைக்கத் தவறியவன். ஆகவே அந்தக் கேசட்டை எப்படியேனும் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

டெக்கின் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. புதிய தட்டைத் திரைத் தொலைக்காட்சியிலோ எச்.டி.எம்.ஐ. துளைகள் மட்டுமே இருந்தன. டெக் தருவது தொடர் அலையாக வரும் குறிப்பலை, எச்.டி.எம்.ஐ. கேட்பது எண்களாக மாற்றப்பட்டது. இடையில் ஒரு மாற்றுப்பெட்டி தேவை. கடையில் ஒன்று கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் போராடியும் படம் வரவில்லை. பிறகுதான் பெட்டியின் மேலிருந்த எழுத்தைப் படித்தேன். அது எச்.டி.எம்.ஐ.யை மூன்று வயருக்கு மாற்றுவது. எனக்கு வேண்டியது அதன் மறுதலை. உருவில் இரண்டும் ஒன்றே, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குத் தனியே யு.எஸ்.பி. வழி மின்சாரமும் தர வேண்டும். நம் நாட்டுப் பதிவுகள் பி.ஏ.எல். முறையில் அமைந்தவை. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த கேசட்டுகளும் அம்முறையினவே. அமெரிக்கப் பிள்ளைகள் அனுப்பியவை என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும், எல்லா டெக்குகளும் அவற்றை ஏற்பதில்லை.

மாற்றுப்பெட்டியை மாற்றி வந்தபின் படம் வந்தது. அப்பத்தா அகலமாக இருந்தார். நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுத்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்ற திரை இழுத்து நிரப்பியிருந்தது. அளவைத் திருத்தியதும் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தோன்றின. "இவ்வளவு பெரிய டி.வி. வாங்கி இப்படியா பார்ப்பது?" என்று வீட்டில் முணுமுணுப்பு. திரையை நிரப்புவதற்காக முகத்தை இழுப்பது, சீர் குறைகிறதென்று பதிப்பாசிரியர் தாமே ஒரு சொல்லைச் செருகுவதற்கு ஒப்பாகும். கறுப்புப் பட்டை இருக்கட்டும். படம் கலங்கலாகத் தெரிவதும் நாடாவின் குற்றமன்று. சிறு பெட்டிக்கென எடுத்ததைச் சுவரளவு திரையில் பார்க்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதன் பிறகுதான். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதையை மாணவர்க்கு உணர்ச்சியோடு சொல்கிறோம். செல்லரித்த ஏடு என்றால் நமக்குப் பதறுகிறது. பூசணம் பிடித்த கேசட் என்றால் குப்பை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கதவுக்கும் எனாமல் தூக்குக்கும் விலை உண்டு. அதே வீட்டுப் பெண்களின் குரலைத் தாங்கிய நாடாவுக்கு விலையில்லை. அடுத்த ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு திருமண அழைப்பிதழையும் நாடக நோட்டீசையும் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்தார். அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. அழைப்பிதழ் ஆவணமாகும்போது, அந்தத் திருமணத்தின் ஒளிநாடா ஏன் ஆகாது?

காலமும் அதிகமில்லை. வி.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இருப்பவை பழுதானால் உதிரிப் பாகம் கிடைப்பதரிது. நாடாவின் காந்தப் பூச்சும் ஈரத்தில் கெடுகிறது. எனவே தொலைக்காட்சியில் இணைத்து ஒருமுறை பார்த்து மகிழ்வதோடு நிற்கக்கூடாது என்பதே என் கருத்து. அதே மூன்று வயரை, பதிவு செய்யும் சிறு யு.எஸ்.பி. கருவி வழியாகக் கணினியில் இணைத்துப் படி எடுத்துவிட வேண்டும். கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் டெக்கில் போடலாகாது. அது படமெடுக்கும் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். தமிழ்த்துறைகள் மாணவர்க்குத் தரும் களப்பணியில் இதையும் சேர்க்கலாம். நாட்டார் பாடல் தேடித் தொலைவூர் போகும் மாணவன், முதலில் தன் வீட்டுப் பரணைப் பார்க்கட்டும்.

எங்கள் பதினொன்றில் மூன்று பூசணம் பிடித்தவை. அவற்றைத் தனியே வைத்திருக்கிறேன். அப்பத்தாவின் பாட்டு நான்கு நிமிடம் ஓடியது. இடையில் நாகஸ்வரம் புகுந்ததால் இரண்டு அடிகள் கேட்கவில்லை. அத்தையைக் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. மற்றவற்றை எழுதிக்கொண்டு, அந்த இரண்டடிக்கும் பழம்பதிப்புகளில் செய்வதுபோல் புள்ளியிட்டு வைத்திருக்கிறேன்.