‘ரத்தம் கம்மி’ என்று சொன்னதோடு சரி

நம்மில் பலருடைய வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒரு சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை அட்டை கிடக்கும். நாலைந்து மாத்திரை பிதுக்கி எடுத்திருக்கும். மீதி அப்படியே இருக்கும். வீட்டுப் பெண் கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்தது. தினம் ஒன்று, குறைந்தது 180 நாள் போடச் சொன்னார்கள். நான்காம் நாள் குமட்டியது, மலம் கறுப்பாகப் போனது, பயந்து நிறுத்தினாள். கறுப்பாகப் போவது இயல்புதான் என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இந்த மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னபோது, படித்த நாமும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

நாட்டில் ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது 1970-இல். அரை நூற்றாண்டு கழித்து, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். மருத்துவத்தில் முன்னோடி மாநிலம் என்று பெருமை பேசுகிறோம். இங்கே பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதவில்லை. எல்லாமே இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை. ஆனால் பெரும் பங்கு அதற்குத்தான். அரசிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. நம் வீட்டுக்குள் கேட்காமல் விட்டவை அதைவிட அதிகம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள் அம்மா. வயசாகிவிட்டது என்றோம். முடி கொட்டுகிறது என்ற மகளுக்கு எண்ணெயை மாற்றிக் கொடுத்தோம். புத்தகத்தை எடுத்தாலே தூங்கி விழுகிறாள் என்று திட்டினோம். பச்சரிசியை அள்ளி மெல்லுவதும் பல்பம், சாம்பல், ஐஸ் கட்டி என்று தேடித் தின்பதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிக் கையில் அடித்தோம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையை “போடாதே, வாந்தி வரும்” என்று தடுத்ததும் நாம்தான்.

மாதவிடாய் பற்றி நாம் கேட்டதே இல்லை. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதம் 80 மில்லி ரத்தம் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு அவள் தட்டில் என்ன விழுந்தது? மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது என்று சொன்னவளிடம், “எனக்கும் அப்படித்தான் இருந்தது” என்றார்கள் அம்மாவும் பாட்டியும். கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம் என்று ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போக நமக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீடுகளில் ஈரலும் சுவரொட்டியும் ஆண்கள் தட்டுக்குப் போயின. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவளுக்குக் குழம்பு மிஞ்சியது. அவளுக்கு ரத்தம் ஊற பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் போதும் என்று நம்பினோம். பீட்ரூட்டின் நிறம்தான் சிவப்பு. அதில் இரும்பு மிகக் குறைவு. பத்திரிகையில் எழுதுகிறவர்களான நாமும் ‘ரத்தம் ஊற பத்து உணவுகள்’ என்று பக்கம் நிரப்பினோமே தவிர, சோகை வந்துவிட்ட பிறகு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும் என்று அழுத்திச் சொல்லவில்லை. முருங்கைக்கீரை நல்லதுதான். கீரையில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் அந்தப் பங்கு கூடும். சாப்பிட்ட கையோடு காபியும் டீயும் குடித்து அதையும் கெடுத்துக்கொண்டோம்.

ஆண்கள் விஷயத்தில் செய்த அலட்சியம் இன்னும் ஆபத்தானது. அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 9 என்று வந்ததும் டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியானோம். ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் உடம்புக்குள் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூலம், வயிற்றுப்புண், சில நேரம் குடல் புற்றுநோய். மூலத்தில் ரத்தம் போவதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டார், நாமும் கேட்கவில்லை.

இனியாவது செய்யலாம். வீட்டில் எல்லோருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13. இதற்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் போங்கள். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறிலும் ஹீமோகுளோபின் குறையும். காரணம் தெரியாமல் நாமாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மாத்திரை தந்தால் டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட வேண்டாம். குமட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்தோ ஊசியோ தருவார்கள். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இரும்பு இருப்பு நிறையும். அதுவரை மாத்திரையைத் தினமும் நினைவாக எடுத்துக் கொடுக்கும் வேலையை, வீட்டில் ஒருவர் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.