கல்வராயன் மலையில் நேரம் வேகமாக ஓடுமா? அணுக் கடிகாரமும் கடல் ஓதமும்: ஒரு விளக்கம்

கள்ளக்குறிச்சியில் இருந்து கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினால் குளிர் கூடும், செல்போன் சிக்னல் குறையும். இன்னொன்றும் மாறும்: நேரம். அடிவாரத்தில் ஒரு அணுக் கடிகாரம், 600 மீட்டர் மேலே இன்னொன்று என வைத்தால், மேலே இருப்பது நாளைக்கு சுமார் 5.6 நானோ விநாடி முந்தி ஓடும். ஒரு விநாடியை 100 கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நானோ விநாடி.

இது கதை இல்லைங்க. ஈர்ப்பின் பிடியில் கீழே போகப் போக நேரம் மெதுவாகும் என்பது ஐன்ஸ்டீன் சொன்னது. டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயர வித்தியாசத்தில் இரண்டு கடிகாரங்களை வைத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2020ல் வெளியானது. மேலே இருந்தது நாளைக்கு சுமார் 4 நானோ விநாடி முந்தியது.

சரி, இதனால நமக்கு என்ன?

மலையில் டவர் கிடைக்காத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அதன் உயிரே செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரம்தான். அது தரைக் கடிகாரத்தை விட நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். சின்ன கணக்குதானே என்று விட முடியாது. அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ. போய்விடும். அதனால் முன்கூட்டியே திருத்தி அனுப்புகிறார்கள்.

இந்தியாவுக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. நம் நாவிக் திட்டத்தின் முதல் செயற்கைக்கோளில் இருந்த, வெளிநாட்டில் வாங்கிய மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதாகின. 2023 மே 29ல் ஏவிய என்விஎஸ்-01ல்தான் உள்நாட்டுக் கடிகாரம் பறந்தது.

நாடு முழுக்க ஒரே நேரம் என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு வரைவு விதிகள் வெளியிட்டது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தை ஐந்து மையங்கள் வழியாகத் தருவது திட்டம். நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரு. அது ஃபரிதாபாத் மையத்தை விட சுமார் 700 மீட்டர் உயரம்! அதனால் அங்குள்ள கடிகாரத்தை டெல்லியோடு தொடர்ந்து ஒப்பிட்டுச் சரிசெய்தே ஆகணும்.

கடல் எங்கே வருகிறது?

சந்திரன் கடலை மட்டும் தூக்குவதில்லை. கள்ளக்குறிச்சி மண்ணும் தினமும் இருமுறை சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. ஆனால் 1 செ.மீ. உயர மாற்றத்தையே உணரும் புதிய ஆப்டிகல் கடிகாரங்களுக்குத் தெரியும்.

ஓதத்தின் உராய்வு பூமியின் சுழற்சிக்கும் பிரேக் போடுகிறது. நூற்றாண்டுக்கு சுமார் 2 மில்லி விநாடி வீதம் நாள் நீள்கிறது. அணுக் கடிகாரம் பூமிக்காகக் காத்திருக்காதே! அதனால்தான் 1972 முதல் 27 முறை ‘லீப் விநாடி’ சேர்த்தார்கள். கடைசியாகச் சேர்த்தது, நம்மூர் கணக்கில் 2017 ஜனவரி 1 காலை 5:30க்கு முன்னால். கம்ப்யூட்டர்களுக்கு இது தலைவலி என்பதால், 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்த 2022ல் உலக நாடுகள் முடிவு செய்துவிட்டன.