பந்தாட்டங் காண்பார் கடன்

ஆடுவார்க்கு நூல்கள் பல உள. காண்பார்க்கு நூல் இல்லை. பந்தை எவ்வாறு உதைத்தல் வேண்டும், எவ்வாறு தடுத்தல் வேண்டும் என்பவற்றை ஆசிரியர் கற்பிக்கின்றனர், விதிநூல் வரையறுக்கின்றது, நடுவர் காக்கின்றார். ஆனால், ஆடுகளத்தைச் சூழ்ந்து பதினாயிரம், ஐம்பதினாயிரம் எனத் திரளும் மக்கள் எவ்வாறு வருதல் வேண்டும், எவ்வாறு இருத்தல் வேண்டும், எவ்வாறு மீளுதல் வேண்டும் என்பதை எடுத்தோதுவார் அரியர். ஆடுவார் இருபத்திருவரே. அவர்தம் பிழையால் ஓர் ஆட்டம் தோற்கும்; அவ்வளவே. காண்பாரிடத்தும், அவர்களைக் காக்கும் பொறுப்புடையாரிடத்தும் நேரும் பிழையாலோ உயிர் மாய்கின்றது. ஆதலின், ஆட்டங் காண்டலும் கற்றுக்கொள்ளத்தக்கதொரு கலை என்பது எமது துணிபு.

இவ்வுண்மை மதுரை நாட்டார்க்குப் புதிதன்று. ஏறு தழுவுதலைப் பாடும் முல்லைக்கலி, காளையையும் காளையரையும் மட்டும் பாடி அமையவில்லை. பரண்மீதிருந்து நோக்கும் மகளிரையும் உடன் பாடுகின்றது. காண்பார்க்கென்று இடம் வகுக்கும் வழக்கம் நம்மிடத்துத் தொன்மையானது. 2024 சனவரியில் அலங்காநல்லூரையடுத்த கீழக்கரையில் ஏறு தழுவுதற்கெனவே ஓர் அரங்கமும் திறக்கப்பெற்றது. எனினும், 2022-ஆம் ஆண்டுச் சித்திரைத் திருவிழாவில், அழகர் வையையில் இறங்கிய நாளன்று நெரிசலிற் சிக்கி இருவர் உயிர் துறந்தனர். திருவிழாவாயினும் ஆட்டமாயினும், கூட்டத்தின் இயல்பு ஒன்றே.

நாகமலையின் அடிவாரத்திலும், புதுக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும், கண்மாய் வற்றிய காலத்துச் சிறுவர் பந்தாடக் காண்கின்றோம். அவ்வாறு ஆடி வளர்ந்து கல்லூரி புகுந்த மாணவரை நோக்கி, "இந்திய நாட்டிற் பந்தாட்டத்தின் தலைநகர் யாது?" என வினவின், "கொல்கத்தா" என்றே பலரும் விடை பகர்வர். ஒருமுறையேனும் அங்குச் சென்று, மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் எதிர்த்தாடும் ஆட்டத்தைக் காணல் வேண்டும் என்னும் வேட்கை உடையாரும் நம்மிடை உளர். அன்னார்க்கு வழி கூறுவதும், அவ்வழியே எம் கருத்தை நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செல்வார், முதற்கண் அந்நகரின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்து செல்க. மோகன் பகான் கழகம் 1889-இல் தோன்றியது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-இல் தோன்றியது. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் தோன்றியது. 1911 சூலை 29-ஆம் நாள் மோகன் பகான் அணியினர், கிழக்கு யார்க்ஷயர்ப் படையினரை இரண்டிற்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று, ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டனர். அந்நாளிற் பூட்சு அணிந்த வெள்ளையரை எதிர்த்து வெறுங்காலோடு ஆடினர் நம்மவர். பதினொருவருள் ஒருவர் மட்டுமே பூட்சு அணிந்திருந்தார். அவர் சுதிர் சாட்டர்ஜி என்னும் கிறித்தவ இளைஞர். பின்னாளில் மறைப்பணி பூண்டவர். அவ்வாட்டத்தைக் காணத் திரண்டோர் பல்லாயிரவர். களத்தை எட்டிப் பார்க்கவும் இயலாது நின்றவர்க்கு, இரு தரத்தாரும் போட்ட கோல்களின் கணக்கைப் பட்டத்தில் எழுதி வானிற் பறக்கவிட்டு அறிவித்தனர் என்பர். காணாதவனும் கண்டவனோடு ஒன்றி மகிழ்ந்த அந்நாளே, நம் நாட்டிற் பந்தாட்டக் கூட்டத்தின் பிறந்தநாள் எனலாம்.

அந்நகரின் புகழில் நம் தென்னாட்டார்க்கும் பங்கு உண்டு. 1949 முதற் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்னணியில் நின்ற சாலே, அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ் என்னும் ஐவரும் தென்னாட்டினரே. வங்கத்தார் அவர்களைப் "பஞ்ச பாண்டவர்" என்று போற்றினர். தமிழ்க் குடியிற் பிறந்த பீட்டர் தங்கராஜ் கொல்கத்தாவின் மூன்று பெருங் கழகங்களுக்கும் கோல் காத்தார். 1962-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டிற் பொன்பதக்கம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். ஆகவே, நாம் அங்கு விருந்தினராகச் செல்லினும் அயலாராகச் செல்வதில்லை.

இனிச் செல்லும் வழி. மதுரையிலிருந்து இரவு வண்டியிற் புறப்பட்டுச் சென்னை எழும்பூர் சேர்ந்து, சென்ட்ரல் நிலையத்திற் கொல்கத்தா செல்லும் வண்டி ஏறுதல் வேண்டும். ஆங்கிருந்து ஹௌரா ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஓரிரவும் ஒரு பகலும் வண்டியிற் கழியும். நெடுவழி வண்டி காலந்தாழ்த்தலும் உண்டாதலின், ஆட்டத்திற்கு ஒருநாள் முன்னரே ஊர் சேர்தல் நன்று. ஹௌராவில் இறங்கியவர், கங்கையின் கிளையாகிய ஊக்ளி ஆற்றின் அடியே செல்லும் மெட்ரோ வண்டியில் ஏறின், "சால்ட் லேக் ஸ்டேடியம்" என்னும் நிலையத்தில் நேரே இறங்கலாம். 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடு, சியால்தா நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியும் திறக்கப்பெற்றமையால், இவ்வழி இடையறாததாயிற்று.

உவர்நிலத்தைத் தூர்த்து எழுப்பிய விதான்நகரில் 1984-இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கத்தின் முழுப்பெயர் விவேகானந்த யுவபாரதி கிரீடாங்கன் என்பது. 1997 சூலை 13-ஆம் நாள், ஃபெடரேஷன் கோப்பையின் அரையிறுதி ஆட்டத்தில் அவ்விரு கழகத்தாரும் ஆடியபோது, கண்டோர் தொகை 1,31,781. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் நான்கிற்கு ஒன்று என வென்றது. பலகைப் படிகளில் நெருங்கியமர்ந்த காலம் அது. 2017-ஆம் ஆண்டில் பதினேழு வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கென அரங்கைத் திருத்தியபோது, ஒவ்வொருவர்க்கும் தனியிருக்கை அமைத்தனர். ஆதலின், கொள்ளும் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. "பெருமை குறைந்ததே!" என வருந்துவாரும் உளர். யாம் வருந்தோம். ஒருவனுக்கு ஓர் இருக்கை என்பது, ஓர் உயிர்க்கு ஓர் இடம் என்பதற்கு ஒப்பாகும்.

அரங்கம் புகுவார் உளங்கொள்ளத்தக்கன சில கூறுவல். அனுமதிச் சீட்டை முன்னரே உரிய இடத்தில் வாங்குக; வாயிலில் இருமடங்கு விலைக்கு விற்பானிடம் வாங்கற்க. மோகன் பகானின் நிறம் பச்சையும் அரக்குச் சிவப்பும். ஈஸ்ட் பெங்காலின் நிறம் சிவப்பும் பொன்னும். சீட்டிற் குறித்த பகுதி எத்தரத்தாரது என்பதை அறிந்து, அதற்கேற்ப உடுத்துச் செல்க. எவரையும் சாராதவர் வெண்ணிற ஆடை உடுத்தல் அமையும். ஆட்டம் தொடங்குதற்கு இரண்டு மணி நேரம் முன்னரே சென்று அமர்க. அமர்ந்தவுடன் திரும்பிப் பார்த்து, வெளியேறும் வழிகள் எவை என்று எண்ணிக்கொள்க. புகுந்த வழியே அணிய வழி என்று கருதற்க. ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் இல்லந்தோறும் இலிஷ் மீனும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலும் சமைத்துண்பது அந்நகரின் வழக்கம். யார் வெல்லினும் விருந்தினனுக்கு இழப்பில்லை!

ஆயினும், அம்மகிழ்ச்சிக்கு மறுபுறமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16-ஆம் நாள், ஈடன் கார்டன்ஸ் திடலில் அவ்விரு கழகத்தாரும் ஆடினர். இரு தரத்து ஆதரவாளரும் ஒரே பகுதியிற் கலந்திருந்தனர். களத்தில் ஆட்டக்காரரிடை மூண்ட பிணக்கு மேடையேறிற்று. கல் பறந்தது, கூட்டம் அஞ்சி ஓடிற்று, பதினறுவர் மாண்டனர். அந்தோ! ஆட்டங் காணச் சென்ற மக்கள் வீடு திரும்பினாரல்லர். ஆண்டுதோறும் அந்நாளிற் குருதிக்கொடை அளித்து அவர்களை நினைவுகூர்கின்றனர் கொல்கத்தா நகரத்தார். அவ்வளவு கண்ட பின்னரும், 2012 டிசம்பர் 9-ஆம் நாள் சால்ட் லேக் அரங்கிற் காண்பார் பகுதியினின்று எறியப்பட்ட பொருள் தாக்கி, மோகன் பகான் ஆட்டக்காரர் ரகீம் நபி முகத்திற் காயமுற்றார். அவ்வணி மறுபாதி ஆட மறுத்தது. எறிந்தது ஒரு கை. கெட்டது பல்லாயிரவர் கண்ட ஆட்டம்.

இத்தகைய தீங்குகட்குப் பொறுப்பாளர் யாவர்? ஒரு சாரார், "பந்தாட்டம் காண்பார் முரடர், அவரை அடக்கலே வழி" என்பர். மற்றொரு சாரார், "எக்கேடு நேரினும் குற்றம் அதிகாரிகளுடையதே" என்பர். இவ்விரு கூற்றும் பாதி உண்மையே.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஐவர் அறுவர்க்கு மேல் நெருங்கின், தனி மனிதன் தன் விருப்பப்படி நடத்தல் இயலாது; கூட்டம் நீர்போல் அலைகின்றது; மார்பு விரிய இடமின்றி மூச்சடைக்கின்றது. நெரிசலில் மிதியுண்டு இறப்பாரினும் மூச்சடைத்து இறப்பாரே மிகுதி. அந்நிலையிற் சிக்கியவனை நோக்கி, "நீ ஏன் ஒழுங்காக நிற்கவில்லை?" என்று வினவுதல் பேதைமை. 1989 ஏப்ரல் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் நிகழ்ந்தது இதுவே. வெளிவாயிலைத் திறந்துவிட்ட காவலர், முன்னரே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குச் செல்லும் வழியை அடைத்தாரல்லர். அதனால் 97 பேர் மாண்டனர். பழியோ, குடிவெறியர் என்று இறந்தவர் மீதே சுமத்தப்பட்டது. காண்பார் குற்றமற்றவர் என்றும், மாண்டோர் சட்டத்திற்கு மாறாக உயிரிழக்கச் செய்யப்பட்டனர் என்றும் தீர்ப்புரைக்க 2016 வரை, இருபத்தேழு ஆண்டு சென்றது. பெற்ற தாயரும் தந்தையரும் அத்தனை ஆண்டும் போராடியே அவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தனர்.

ஆதலின், பொறுப்பினைப் பகுத்துக் கூறுதல் வேண்டும். எத்தனை பேர்க்கு இடம் உண்டு, எத்தனை வாயில் திறந்திருக்கும், எத்தரத்தார் எங்கு அமர்வர், நீரும் மருத்துவரும் எங்குளர் என்பன நடத்துவோர் கடன். பொருள் கொடுத்து வந்தவனை ஏமாற்றாதிருத்தலும் அவர் கடனே. 2025 டிசம்பர் 13-ஆம் நாள் மெஸ்ஸியைக் காண்பிப்பதாக அதே அரங்கிற்கு மக்களை அழைத்தனர். பெரும்பொருள் கொடுத்து வந்தோர், அவரைச் சூழ்ந்து நின்ற பெரியோரின் முதுகுகளையே கண்டனர். அவரும் விரைவில் அகன்றார். இது நடத்துவோர் பிழை. ஆனால், அதன்பின் இருக்கைகளைப் பெயர்த்தெறிந்தவை காண்போர் கைகளே. ஏமாற்றப்பட்டவன் முறையிடலாம், வழக்கிடலாம்; முன் வரிசையிற் குழந்தையோடு இருப்பவன் மீது நாற்காலியை எறிதற்கு அவனுக்கு உரிமை ஏது? கை, நா, காசு ஆகிய இம்மூன்றும் காண்பான் காக்கத்தக்கன. கையால் எறியற்க, நாவால் ஆட்டக்காரன் குலத்தையும் நிறத்தையும் தாய்மொழியையும் இகழற்க, காசாற் கள்ளச் சீட்டை வளர்க்கற்க. எதிரணியான் நன்கு ஆடினும் கை தட்டுக. அஃது ஆட்டத்திற்குச் செய்யும் வணக்கம்.

நெரிசல் நேர்ந்துவிடின், பின்வருவனவற்றை நினைக. இரு கைகளையும் மார்பின்முன் மடக்கி மூச்சுக்கு இடம் செய்க. கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியற்க. அலையை எதிர்த்துத் தள்ளாது உடன் சென்று, அது தணியும்போது சாய்வாக ஓரம் நோக்கி நகர்க. விழுந்தவனைத் தூக்குக. தீங்கு முடிந்தபின் வேகமாக ஓடுவதினும், ஆட்டம் முடிந்தபின் பத்து நிமிடம் பொறுத்து எழுவது எளிது.

அவ்விரு கழகத்தாரின் பகை தீராப் பகை என்று கருதுவாரும் உளர். 2024 ஆகஸ்ட் 18-ஆம் நாள் நிகழவிருந்த டுராண்ட் கோப்பை ஆட்டம் நிறுத்தப்பட்டது. அம்மாதம் நகரின் மருத்துவமனை ஒன்றில் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். அதற்கு நீதி கேட்டு, ஆட்டம் இல்லாத அந்நாளில், இரு தரத்து ஆதரவாளரும் சால்ட் லேக் அரங்கின் வாயிலில் ஒருங்கே திரண்டனர். பச்சையும் சிவப்பும் அன்று தோளோடு தோள் நின்றன. தடியடி வந்தபோதும் அவர் பிரிந்தாரல்லர். பகையென நாம் எண்ணியது பகையன்று. ஒரே நகரத்து அன்பின் இரு நிறமே அது. அக்கூட்டத்தை முரடர் கூட்டம் என்று எவர் கூற வல்லார்?

மாணவத் தோழர்காள்! கொல்கத்தா செல்லும் வாய்ப்பு நம்மிற் சிலர்க்கே கிட்டும். ஆனால், கல்லூரிகளிடை நிகழும் பந்தாட்டப் போட்டி ஆண்டுதோறும் நம் அருகே நிகழ்கின்றது. அங்குக் கயிறு கட்டி வழி விடவும், நீர் வழங்கவும், வாயில்களை அடையாது காக்கவும் தொண்டர் படையொன்று நாமே அமைத்தல் கூடும். தோற்றுச் செல்லும் விருந்தணியை வாயில்வரை கைதட்டி வழியனுப்பலும் கூடும். ஆடுகளத்தில் இறங்கும் பேறு பதினொருவர்க்கே உண்டு. களத்தின் மானத்தைக் காக்கும் பேறு நம் அனைவர்க்கும் உண்டு. அதனை அடுத்த ஆட்டத்திலேயே மேற்கொள்வோமாக.