கறுப்புப் புகையாய்ப் போவது எமது உழைப்பு

இடம்பெயர்ந்த விவசாயிக்கு விதையையும் பசளையையும் விடப் பெரிய செலவு தூரந்தான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2006இல் சம்பூரிலிருந்தும், 2008, 2009 ஆண்டுகளில் வன்னி ஊர்களிலிருந்தும் எழும்பி வந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். சொந்த ஊரில் கிணறும் தோட்டமும் வீட்டு வாசலிலேயே இருந்தன. மண்வெட்டியைத் தோளில் வைத்தால் நாலு எட்டில் வேலைக்குப் போய்விடலாம். இடம்பெயர்ந்த பின்னரோ இருப்பது ஓரிடம், குத்தகைக் காணி இன்னோரிடம், சந்தை வேறோரிடம் என்றாகிவிட்டது. காணி விடுபட்ட பின்பும், அங்கே ஒரு கொட்டில் எழும்பும் வரை, இருக்கும் இடத்திலிருந்து போய்வந்து பயிர் செய்கிற குடும்பங்கள் உண்டு. இப்படிப் பிரிந்து கிடக்கும் வாழ்வைப் பல இடங்களில் ஒரு பழைய டீசல் பிக்கப்தான் சேர்த்து வைத்திருக்கிறது.

அந்தப் பிக்கப்பைப் பற்றியே இம்முறை சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிக்கப் வைத்திருக்கும் இடத்திற்கு அண்மையில் போயிருந்தோம். "பாரம் ஏற்றினால் இழுக்குதில்லை, டீசலும் கூடக் குடிக்குது. ரேர்போ பூட்டினால் சரிவரும் என்று சொல்லுகினம். காப்பை அடைவு வைக்கலாமோ?" என்று அங்குள்ள ஒரு தாய் எம்மிடம் கேட்டார். நாம் மறுமொழி சொல்லுமுன் முன்மூடியைத் திறக்கச் சொன்னோம். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டியபோது கைநிறையச் செம்மண் கொட்டியது. பின்சில்லுகளில் ஒன்றைத் தொட முடியாத சூடு. ரயர்கள் இரண்டு பாதிக் காற்றில் நின்றன. அந்த வண்டிக்கு இல்லாத சக்தியை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இருந்த சக்தி எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. காப்பு அடைவு கடைக்குப் போகவில்லை.

இதிலிருந்து நாம் சொல்ல வருவது இதுதான்: பழைய டீசல் வண்டிக்குச் செய்யக்கூடிய மிக மலிவான முன்னேற்றம், இழந்ததைத் திரும்பப் பெறுவதே. புதிதாகப் பூட்டுவதைப் பற்றி அதன் பின்னரே யோசிக்க வேண்டும்.

காற்றும் டீசலும்

பெற்றோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் இயந்திரத்தில் பொறி கிடையாது. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது அது கடும் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தூவ, அது தானாகவே பற்றுகிறது. ரேர்போ இல்லாத பழைய வண்டிகளில் நாம் மிதிக்கும் மிதி டீசலின் அளவை மட்டுமே கூட்டும். காற்று தன் வழியால் வருமளவு வரும். காற்றின் வழி அடைபட்டால் டீசலின் ஒரு பகுதி எரியாமல் கறுப்புப் புகையாக வெளியேறும்.

ஆகவே கறுப்புப் புகை வண்டியின் வலிமைக்கு அடையாளம் அல்ல. நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல் பயன்படாமல் காற்றில் போகிறது என்பதே அதன் பொருள். நீலப் புகை என்றால் இயந்திர ஒயில் எரிகிறது. காலையில் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நின்றால், டீசல் தூவும் நேரம் பிழைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் உள்ளே போகலாம். புகையின் நிறத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டால் கராஜில் ஏமாறும் வாய்ப்புக் குறையும்.

முதலில் செய்ய வேண்டியவை

காற்று வடிகட்டியை முதலில் கவனியுங்கள். புழுதித் தெருவில் ஓடும் வண்டிக்கு அதை வாரம் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். கடதாசி வடிகட்டியை மெதுவாகத் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடிக்கலாம். பெற்றோலில் கழுவக்கூடாது. கிழிந்திருந்தால் மாற்றுங்கள். "வடிகட்டி இல்லாமல் ஓடினால் இழுவை கூடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். அந்தப் புழுதி சிலிண்டரை அரமாக அராவிவிடும்.

இரண்டாவது, டீசலில் தண்ணீர். கானிலும் பரலிலும் டீசல் சேர்த்து வைக்கும் பழக்கம் எம்மில் பலருக்கு 2022இன் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்தது. பரல் டீசலை ஒருநாள் அசையாமல் வைத்து, அடியில் நாலு விரல் அளவை விட்டுவிட்டு, துணியால் வடித்தே ஊற்ற வேண்டும். டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் அதைக் கிழமைக்கு ஒருதரம் திறந்து விடுங்கள். தாங்கியை இரவில் வெறுமையாக விட்டால் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். முடிந்தால் மாலையிலேயே நிரப்புங்கள்.

மூன்றாவது, நொசில். பனிபோலத் தூவ வேண்டியது தேய்ந்துபோய்த் துளியாகச் சொட்டினால் புகையும் செலவும் கூடும். நொசில்களைக் கழற்றிச் சோதனைப் பம்பில் பார்க்கும் டீசல் கராஜ்கள் நகரங்களில் உண்டு. நொசில் அடிக்கும்போது கையை முன்னே நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. அதேவேளை ரபெற் இடைவெளியையும், பம்பின் நேரத்தையும் வண்டிக்குரிய அளவில் வைப்பியுங்கள். ரொயோட்டா ஹைலக்ஸின் 2எல் போன்ற இயந்திரங்களில் ரைமிங் பெல்ற்றை 100,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி, இயந்திரத்தையே பிரிக்க நேரிடும்.

நான்காவது, சில்லு. சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாள் முழுவதும் பிறேக்கை மிதித்தபடி ஓடுவதற்கு ஒப்பானது அது. ரயர் காற்றை ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் அளந்து, பாரத்துக்கு ஏற்ற அளவில் வையுங்கள். நாலு ரயரிலும் ஓர் இறாத்தல் குறைந்தால் எரிபொருள் ஏறத்தாழ 0.2 சதவீதம் வீணாகும் என்பது கணக்கு. பத்து இறாத்தல் குறைந்தால் நூறு லீற்றருக்கு இரண்டு லீற்றர் போய்விடும். ரயரும் முன்கூட்டியே தேயும்.

ஐந்தாவது, ஓட்டும் கை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60இல் போகும் வண்டி 80இல் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகும். மரக்கறி ஏற்றிய பின் படங்கை இறுக்கிக் கட்டுங்கள். படபடக்கும் படங்கும் டீசலைத் தின்னும். சந்தை வாசலில் நின்றபடியே இயந்திரத்தை உறும விடுவதும் வீண். சும்மா நிற்கும்போதும் இத்தகைய வண்டி மணிக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கும்.

பூட்டக் கூடியதும் கூடாததும்

இவையெல்லாம் சரியான பின் சிறு மாற்றங்கள் சில பலன் தரும். டீசல் குழாயில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்றைப் பூட்டலாம். காற்று இழுக்கும் வாயை றேடியேற்றரின் சூட்டிலிருந்து விலக்கி, புழுதி எட்டாத உயரத்துக்குக் குழாய் வைத்துக் கொண்டுபோகலாம். குளிர்ந்த காற்றில் பிராணவாயு கூடுதலாக இருக்கும். உழவு இயந்திரங்களில் புழுதியைச் சுழற்றிப் பிரிக்கும் முன்கிண்ணத்தைக் கண்டிருப்பீர்கள். அதையும் இக்குழாயின் மேல் வைக்கலாம். துருப்பிடித்து உள்ளே நெளிந்த சைலன்சரை மாற்றலாம். பெட்டியில் தேவையின்றிக் கிடக்கும் இரும்பை இறக்கலாம்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுவது கராஜ்களில் கேட்கும் வழக்கமான ஆலோசனை. ஒரு கிழமை இழுவை கூடியதுபோல் இருக்கும். காற்றுக் கூடாதபடியால் புகையும் சூடுமே மிஞ்சும். ரேர்போ அதற்கென வடிவமைத்த இயந்திரத்துக்கு நல்லது. ஆனால், தேய்ந்த பழைய இயந்திரத்துக்குப் பூட்டினால் சூட்டைத் தாங்காது. நிறுவனமே ரேர்போ பூட்டி விற்ற 2எல்-ரி இயந்திரங்களின் தலைப்பகுதி வெடிப்பது பலரும் அறிந்த குறை.

டீசல் குழாயில் கட்டும் காந்தம் ஒன்றை நாமும் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினோம். மூன்று மாதம் ஓடியும் எமது கொப்பியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பின்னரே அறிந்தோம், அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய சாதனங்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பரிசீலித்தும், சொல்லத்தக்க பலனை அவற்றில் காணவில்லை என்று.

மண்ணெண்ணெய்க் கலப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களைச் சிறிது பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அது அன்றைய பிழைப்பு. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்தபோது டீசலிலும் கலந்து பார்த்தவர்கள் உண்டு. டீசல் பம்புக்கு டீசலே உயவு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. மிச்சம் பிடித்த காசு பம்பின் தேய்மானத்தில் போய்விடும்.

மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வரும் புதிய பிக்கப்களில் டீசலின் அழுத்தம் பன்மடங்கு அதிகம். அவற்றில் எண்ணெய்க் குழாயைக் கண்டபடி கழற்றாமல், வடிகட்டியை நேரத்துக்கு மாற்றித் தண்ணீர் புகாமல் காத்தாலே போதும்.

ஒரு கொப்பியும் ஓர் உண்டியலும்

செய்தது பலன் தந்ததா என்று அறிய ஒரு கொப்பி போதும். தாங்கியை முழுதாக நிரப்பிக் கிலோமீற்றரைக் குறியுங்கள். அடுத்த முறை முழுதாக நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். நாளுக்கு 60 கிலோமீற்றர், மாதம் 25 நாள் ஓடும் வண்டியை எடுப்போம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் மாதம் 150 லீற்றர். அதை 12 ஆக்கினால் 125 லீற்றர். மிச்சம் 25 லீற்றர், ஆண்டுக்கு 300 லீற்றர். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவுக்கு ஏறியதை மறக்க முடியுமா? விலை எம் கையில் இல்லை. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதில் ஒரு பங்கு எம் கையில் இருக்கிறது.

இறுதியாக, சேர்ந்து வைத்திருக்கும் வண்டியைப் பற்றி. எல்லோருக்கும் சொந்தமான வண்டி எவருக்கும் பொறுப்பில்லாத வண்டியாகிவிடுகிறது. வாடகைக் காசைப் பங்கிடுமுன் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சிறு தொகையை வடிகட்டிக்கும் ஒயிலுக்கும் என்று உண்டியலில் போடுங்கள். சாரதி ஒருவர், கொப்பிக்கு ஒருவர், உண்டியலுக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரியுங்கள். கொப்பி பெண்களின் கையில் இருந்தால் நல்லது என்பது எமது அனுபவம். வாகனம் கொடுக்கும் உதவி நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்வோம்: சாவியைக் கையளித்துப் படம் எடுப்பதுடன் பணி முடிவதில்லை. இளைஞர் ஒருவருக்கு நொசில் பார்க்கவும் பிறேக் அடிக்கவும் பழக்கிவிட்டால், அந்த வண்டி இன்னும் பல போகம் ஓடும்.

எமது தூரத்தை வேறு யாரோ தீர்மானித்தார்கள். அதைக் குறைப்பது இன்று எம் கையில் இல்லாதிருக்கலாம். அந்தத் தூரத்துக்கு எரியும் டீசலைக் குறைப்பது எம் கையில்தான் உண்டு. நாளைக் காலை வண்டி எடுக்குமுன் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்.