"நம்ப முடியவில்லை" என்றால் போதுமா?



அகதிகளின் விண்ணப்பங்கள் எதனால் தள்ளப்படுகின்றன தெரியுமா? "இவர் சொல்வது நம்பும்படியாக இல்லை" என்ற ஒரே வரியால்தான் பலருக்குக் கதவு மூடப்படுகிறது.

அந்த வரி எப்படிப் பிறக்கிறது? பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்கிறோம். மொழிபெயர்ப்பாளர் 'உடன்பிறந்தவர்' என்று எழுதிவிடுகிறார். அடுத்த விசாரணையில் "நான் ஒரே பிள்ளை" என்றால் உடனே முரண்பாடு! கைதான தேதி மாறினால் பொய்! அடி வாங்குகிறவன் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டா வாங்குவான்?

உடம்பே சாட்சி சொன்னாலும் விடமாட்டார்கள். பிரிட்டனில் 'கே.வி.' என்று மட்டும் குறிப்பிடப்படும் இலங்கைத் தமிழரின் வழக்கைப் பாருங்கள். முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். சித்திரவதை என்றார் அவர். அகதித் தகுதிக்காக அவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றது தீர்ப்பாயம்! மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017-இல் கைவிட்டது. 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அப்படிச் சுட்டுக்கொள்வது மிகமிக அரிது, அதற்குரிய எடையைத் தீர்ப்பாயம் கொடுக்கவில்லை என்றது.

கவனியுங்கள். உச்ச நீதிமன்றம் அவரை அகதி என்று அறிவிக்கவில்லை. மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. மேலே உள்ள நீதிமன்றம் கேட்பது இவ்வளவுதான்: நம்ப மறுத்ததற்குத் தக்க காரணம் உண்டா?

கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சிங் வழக்கில் சொல்லிவிட்டது: ஒருவரின் வாய்மொழியை நம்புவதா இல்லையா என்பதே பிரச்சினை என்றால், அவரை நேரில் கேட்காமல் தள்ளக்கூடாது.

நம் மலேசியாவில் என்ன நிலை? 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்திடவில்லை. பல்லாண்டுகளாக ஐ.நா. அகதிகள் ஆணையமே விசாரித்து வந்திருக்கிறது. அது மறுத்தால் முறையீடும் அதே ஆணையத்திடம்தான். குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவோ, அமைச்சரும் தலைமை இயக்குநரும் எடுத்த முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக்கூடாது என்கிறது. நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கலாமாம்!

இதன் விலை என்ன? 2014 மே மாதம் ஐ.நா. ஆணையத்தில் பதிவு பெற்றிருந்த 3 இலங்கைத் தமிழர்கள், கைதான சில நாட்களிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2021 பிப்ரவரி 23 அன்று மியன்மார் மக்களை அனுப்பக்கூடாது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே நாளில் 1,086 பேர் லுமுட்டிலிருந்து கப்பல் ஏற்றப்பட்டார்கள்! நீதிமன்றம் கேட்டால்கூட இந்தக் கதி. கேட்கவே வழியில்லாதவன் கதி?

"எல்லாரையும் நம்பினால் பொய்யர்களும் நுழைவார்களே" என்பார்கள். எல்லாரையும் நம்பச் சொல்லவில்லை. நம்பாவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடு, அதை ஒரு நீதிபதி பார்க்கட்டும் என்கிறோம். உண்மையாகவே பொய் என்றால் நீதிபதியைக் கண்டு அதிகாரிக்கு என்ன பயம்?

இது யாரோ அந்நியர் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். இந்த மண்ணில் பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு மூப்படைந்த நம் பாட்டிமார்களைக் கேளுங்கள். காரணம் சொல்லாமல் ஒற்றை வரியில் மறுக்கப்படுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். 59ஏ பிரிவை எப்போது நீக்குவீர்கள்? அகதி விண்ணப்பத்தை மறுத்தால் நீதிமன்றம் போகும் உரிமையை எப்போது சட்டமாக்குவீர்கள்?

பதில் வரும்வரை விடாதீர்கள்!