மலிவான உப்பும் ‘பசுமை’ என்ற சொல்லும்

சோடியம் ஹைட்ரஜன் சல்பேட் ஓர் எளிய அமில உப்பு. திண்மம், ஆவியாவதில்லை, தராசில் நிறுத்தெடுக்கலாம். நீச்சல்குளத்து நீரின் காரத்தன்மையைக் குறைக்க உதவும் இதே பொருள், எஸ்டராக்கல் முதல் பிஜினெல்லி வினை வரை பல கரிமத் தொகுப்புகளுக்கு வினையூக்கியாகிறது. நிதி குறைந்த ஆய்வகங்களுக்கு இது உண்மையான வரம். ஆயினும், வினையூக்கி மலிவானது என்பதாலேயே செய்முறை பசுமையானதாகிவிடாது.

ஆல்டிஹைடு, யூரியா, எத்தில் அசிட்டோஅசிட்டேட் ஆகிய மூன்றையும் அமிலத்தின் முன்னிலையில் இணைக்கும் வினையை 1891இல் பியெத்ரோ பிஜினெல்லி வெளியிட்டார். அதற்குப் புதிய வினையூக்கிகளை முன்வைக்கும் கட்டுரைகள் இன்றும் வந்தவண்ணம் உள்ளன. அவற்றின் தலைப்புகளில் ‘மலிவான’, ‘மறுபயன்பாட்டுக்குரிய’, ‘சூழலுக்கு இணக்கமான’ என்னும் அடைமொழிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை சோதித்தறிந்த முடிவுகளா, வழக்கச் சொற்களா என்பதே கேள்வி.

கழிவின் நிறையை விளைபொருளின் நிறையால் வகுக்கும் சுற்றுச்சூழல் காரணியை 1992இல் ரோஜர் ஷெல்டன் முன்வைத்தார். ஒரு கிராம் விளைபொருளைத் தூய்மையாக்க வண்ணப்பிரிகையில் 300 மில்லிலிட்டர் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் கலவை செலவாகிறது எனக் கொள்வோம். மீட்கப்படாவிட்டால் அதுவே சுமார் 200 கிராம் கழிவு. அங்கே 50 மில்லிகிராம் உப்பின் பசுமை எம்மாத்திரம்? பிஜினெல்லி விளைபொருள்கள் பலவற்றைக் குளிர்ந்த நீரில் ஊற்றி வடிகட்டி, எத்தனாலில் மறுபடிகமாக்கினாலே போதும். செய்முறையின் பசுமை பெரும்பாலும் அந்த முடிவில்தான் இருக்கிறது.

மறுபயன்பாடு குறித்த கூற்றும் ஆராயத்தக்கது. இவ்வுப்பு பெரும்பாலான கரிமக் கரைப்பான்களில் கரையாது; நீரில் எளிதில் கரையும். பிஜினெல்லி வினையோ நீரை வெளியிடுவது. சிலிக்காவின்மீது ஏற்றிய உப்பும் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறக்கூடும். ஐந்து சுற்றுகளிலும் வினை நிறைவடையும்வரை காத்திருந்து விளைச்சலை மட்டும் ஒப்பிட்டால், வினையூக்கியின் தளர்ச்சி மறைந்துவிடும். தொடக்க வேகத்தை ஒப்பிட வேண்டும். சூடாக வடிகட்டிய கரைசலில் வினை தொடர்கிறதா எனவும் பார்க்க வேண்டும். வினையூக்கியே இல்லாத சோதனையும் கட்டாயம்.

இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சில நாள் பொறுமை போதும். நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் இவற்றைக் கேட்கத் தொடங்கினால், மாணவரின் ஆய்வேடு வலுப்பெறும். கேட்காதவரை, ‘பசுமை’ என்பது தலைப்பை அலங்கரிக்கும் சொல்லாகவே எஞ்சும்.